லங்காஸ்டர் ஏன் இவ்வளவு சாதுவாகப் பறக்கிறது?

தாமிரபரணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் வசிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தபோது, அவரையும் என் மகளையும் அருகிலுள்ள ஃபேர்ஃபோர்ட் விமானப்படைத் தளத்தில் ஜூலை மாதத்தில் நடக்கும் பெரிய விமானக் காட்சிக்கு அழைத்துச் சென்றேன். அப்பா பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு ஆண்டுகள் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜெட் விமானங்களின் இரைச்சலில் அவருக்கு நாட்டம் இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்து லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானமும் அதனுடன் வரும் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களும் எப்போது வரும் என்றுதான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவை வந்தன. மூன்றும் சேர்ந்து ஒருமுறை நம் முன்னால் கடந்தன, பின்னர் லங்காஸ்டர் தனியாகச் சற்றே சாய்ந்து திரும்பி இன்னும் சில முறை கடந்தது, அவ்வளவுதான், போய்விட்டன. அதற்கு முன்னும் பின்னும் பறந்தவை எல்லாம் செங்குத்தாக ஏறியும் தலைகீழாகப் பறந்தும் காட்டியிருந்ததால் என் மகள் ஏமாற்றத்துடன் என்னைப் பார்த்தாள். அப்பா எதுவும் சொல்லவில்லை. காரில் திரும்பும்போதுதான், "பாதுகாக்க வேண்டிய பொருள் என்றால் கொட்டகைக்குள்ளேயே வைத்துவிடலாமே, வெளியே எடுத்துவிட்டால் அதன் முழு பலத்தையும் காட்ட வேண்டாமா?" என்று கேட்டார்.

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் இந்திய விமானப்படை நடத்திய சாகச நிகழ்ச்சியில் பழைய டகோட்டாவும் ஹார்வர்டும் அதேபோல நிதானமாகக் கடந்து சென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அதே கேள்வியைத் தொலைபேசியில் மறுபடியும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வரும் கோடையில் அவர் மீண்டும் வருகிறார். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். அவர் மனம் நிறையும்படி எங்கே அழைத்துச் செல்லலாம் என்றும் சொல்லுங்கள்.


மெர்லின்27 எழுதியது:

அம்மா, உங்கள் அப்பாவின் கேள்வி நியாயமானது. அவர் மெக்கானிக் என்பதால் என் பதில் அவருக்கு எளிதாகப் புரியும் என்று நம்புகிறேன். நான் விமானி அல்லன். விமானப் பராமரிப்புத் துறையில் வேலை செய்கிறேன், இருபது ஆண்டுகளாக இத்தகைய காட்சிகளுக்குத் தவறாமல் போய் வருகிறேன்.

நீங்கள் பார்த்த லங்காஸ்டரின் எண் பிஏ474. மொத்தம் 7,377 லங்காஸ்டர்கள் கட்டப்பட்டன. அவற்றில் இன்று பறக்கும் நிலையில் இருப்பவை இரண்டு மட்டுமே: ஒன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பி தளத்தில் பிரிட்டன் விமானப்படையின் நினைவுப் பறத்தல் அணியிடம் இருக்கும் இது; மற்றொன்று கனடாவின் ஹாமில்டனில் இருக்கிறது. பிஏ474 ஒவ்வொரு முறை பறக்கும்போதும் அதன் ஆயுளிலிருந்து கொஞ்சம் செலவாகிறது. இதை உவமையாகச் சொல்லவில்லை, பதிவேட்டில் உண்மையாகவே அப்படித்தான் கணக்கு வைக்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 100 மணி நேரம் என்ற வரம்புக்குள் அதைப் பறக்கவிடுகிறார்கள். இறக்கைகளைத் தாங்கும் முதன்மைத் தண்டை, அதாவது ஸ்பார் எனப்படும் பாகத்தை, 1995-96 குளிர்காலத்தில் புதிதாக மாற்றினார்கள். மாற்றியிராவிட்டால் இதற்குள் அது பறப்பதை நிறுத்தியிருக்கும்.

ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் முறியும் என்பதை உங்கள் அப்பா பட்டைவில்களில் எத்தனையோ முறை பார்த்திருப்பார். இறக்கையின் நிலையும் அதுவே. விமானம் உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால், அந்த நேரத்தில் இறக்கை விமானத்தின் எடையைப்போல இரு மடங்கைச் சுமக்கிறது. செங்குத்து வளையம் போட்டால் சுமை அதற்கும் மேலே போகும். லங்காஸ்டர் புதிதாக இருந்த காலத்திலேயே குட்டிக்கரணத்துக்காகச் செய்யப்பட்ட விமானம் அன்று. ஏழு பேரையும் குண்டுகளையும் சுமந்துகொண்டு இரவு முழுவதும் பறப்பதற்காகச் செய்யப்பட்டது. எனவே நீங்கள் பார்த்த அந்த மென்மையான சாய்வு, எத்தனை பாகை சாயலாம் என்று முன்கூட்டியே தீர்மானித்து, பயிற்சி செய்து பறந்த ஒன்று.

எஞ்சினும் அப்படித்தான். 27 லிட்டர் கொள்ளளவும் 12 சிலிண்டர்களும் கொண்ட ரோல்ஸ் ராய்ஸ் மெர்லினைப் போர்க்காலத்தில் விமானிகள் உயிர் பிழைப்பதற்காக உச்ச அழுத்தத்துக்குத் தள்ளினார்கள். அப்போது ஒரு எஞ்சின் சில நூறு மணி நேரம் உழைத்தால் போதும் என்ற கணக்கு இருந்தது. கெட்டால் மாற்ற வேறொன்று தயாராக இருந்தது. இன்று அந்த எரிபொருளும் இல்லை, மாற்று எஞ்சின்களும் குவிந்து கிடக்கவில்லை. ஆகவே போர்க்கால உச்சத்தை யாரும் தொடுவதில்லை.

தரையிலும் சிக்கல் உண்டு. ஸ்பிட்ஃபயரின் ரேடியேட்டர்கள் இறக்கைக்கு அடியில் இருப்பதால், நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டால் சில நிமிடங்களிலேயே குளிர்நீர் கொதிநிலையை நெருங்கிவிடும். ஜெட் விமானங்களைப்போல வரிசையில் காத்திருக்க அதனால் இயலாது. எஞ்சினை முடுக்கியதும் புறப்பட்டாக வேண்டும். மூக்கு நிமிர்ந்து இருப்பதால் விமானிக்கு எதிரே இருப்பது தெரியாது. பாம்பைப்போல வளைந்து வளைந்து ஓட்டிப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே போவார். சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதால் பக்கவாட்டுக் காற்று சற்றுப் பலமாக வீசினாலும் நிகழ்ச்சியை ரத்து செய்துவிடுவார்கள். மக்கள் முணுமுணுப்பார்கள். நான் அப்படி ரத்து செய்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2015 ஆகஸ்ட் 22 அன்று ஷோர்ஹம் காட்சியில் பழைய ஹண்டர் ஜெட் ஒன்று செங்குத்து வளையத்தை முடிக்க இயலாமல் ஏ27 நெடுஞ்சாலையில் வீழ்ந்து 11 பேர் உயிரிழந்தனர். வளையத்தின் உச்சியில் இருக்க வேண்டிய உயரம் இல்லாமலே விமானம் கீழ்நோக்கித் திரும்பியது என்பது விசாரணையில் தெரியவந்தது. இறந்தவர்கள் காட்சி பார்க்க உள்ளே வந்தவர்கள் அல்லர். வெளியே சாலையிலும் சாலையோரத்திலும் இருந்தவர்கள். அதன்பின் பிரிட்டனில் விதிகள் மிகவும் இறுகின. "முழு பலத்தையும் காட்ட வேண்டாமா" என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தச் சாலைதான் நினைவுக்கு வருகிறது.


திருக்கோணமலையான் எழுதியது:

மேலே எழுதிய நண்பர் பொறியியலை நன்றாக விளக்கியிருக்கிறார். நான் ஹரிக்கேனைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் எல்லோரும் ஸ்பிட்ஃபயரைப் படம் எடுத்துவிட்டு ஹரிக்கேன் வரும்போது கமெராவைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். அது எனக்குப் பெரும் மனக்குறை.

எங்கள் ஊரில் ஹரிக்கேன் ஒரு புத்தகச் செய்தியன்று. 1942 ஏப்பிரல் 5 ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது இரத்மலானையிலிருந்தும் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன்களே எழுந்தன. நான்கு நாள் கழித்து, ஏப்பிரல் 9 ஆம் திகதி, திருக்கோணமலையைத் தாக்கியபோது சீனக்குடாவிலிருந்து எழுந்தவையும் அவையே. அதே நாளில்தான் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அந்தக் காலை நேரத்துச் சத்தத்தை என் பாட்டி தன் கடைசிக் காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு எந்த விமானம் யாருடையது என்று தெரியாது. வானம் முழுவதும் தையல் இயந்திரம் ஓடியதுபோல் இருந்தது என்பார்.

டக்ஸ்ஃபோர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு ஹரிக்கேனின் அருகே நிற்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. முன்பாதி உலோகத் தகடு. விமானி இருக்கைக்குப் பின்னே வால் வரைக்கும் துணி. உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டமும் அதன்மேல் மரச் சலாகைகளும் இருக்க, அவற்றின்மேல் லினன் துணியை இழுத்துப் போர்த்தி, இறுக்கும் பூச்சைப் பூசியிருக்கிறார்கள். பராமரிப்பாளர் அனுமதித்ததால் ஒரு விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தேன். வார் பிடித்த மத்தளத்தைத் தட்டினாற்போல ஒலித்தது. அதன்மேல் சலாகைகளின் விளிம்புகள் விலா எலும்புகளாய்த் தெரிந்தன. இப்படி ஒரு துணிக்குப் பின்னால் இருந்துகொண்டுதான் அந்த இளைஞர்கள் சீனக்குடாவிலிருந்து எழுந்தார்கள் என்பதை அதற்கு முன் நான் உணர்ந்ததில்லை.

நினைவுப் பறத்தல் அணியில் உள்ள இரண்டு ஹரிக்கேன்களில் பிஇசட்865 என்பது, பிரித்தானியாவில் கட்டப்பட்ட ஹரிக்கேன்களிலேயே கடைசியாகத் தொழிற்சாலையை விட்டு வந்தது. மற்றது 1991 இல் விற்றரிங் தளத்தில் விபத்துக்குள்ளாகித் தீப்பிடித்தது; அதைத் திருத்துவதற்குப் பணம் தேடி அணியின் ஒரு ஸ்பிட்ஃபயரையே விற்றார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 1998 இல், அது மறுபடி பறந்தது. ஒரு ஹரிக்கேனுக்காக ஒரு ஸ்பிட்ஃபயரைக் கொடுத்தார்கள் என்பதை உங்கள் தந்தையாருக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.


பழஞ்சுவடி எழுதியது:

மெர்லின்27 அவர்களின் விளக்கத்தை முழுவதும் ஏற்கிறேன். ஆயினும் அப்பா கேட்டதன் முதற்பாதிக்கு, அதாவது கொட்டகைக்குள்ளேயே ஏன் வைத்துவிடக் கூடாது என்பதற்கு, இங்கே யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. என் கருத்து இந்த மன்றத்தில் பலருக்கு உவப்பாக இராது என்று அறிவேன்: எல்லாப் பழைய விமானங்களையும் பறக்கவிடக் கூடாது.

மஸ்கிட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தாலான அந்த அழகிய விமானத்தில் பறக்கும் நிலையில் உலகில் எஞ்சியிருந்த ஒன்று, 1996 ஜூலை 21 அன்று மான்செஸ்டர் அருகே பார்ட்டனில் காட்சியின்போது வீழ்ந்தது. அதிலிருந்த இருவரும் இறந்தனர். டக்ஸ்ஃபோர்டில் தன்னார்வலர்கள் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் பாடுபட்டுச் சீரமைத்த பிளென்ஹைம் என்ற குண்டுவீச்சு விமானம் 1987 இல் பறந்த சில வாரங்களிலேயே விபத்தில் சிதைந்தது. மனம் தளராமல் இரண்டாவது பிளென்ஹைமைச் சீரமைத்தார்கள். அது 2003 இல் தரையிறங்கும்போது சேதமடைந்தது. 2014 இல் மூன்றாம் முறையாக எழுப்பினார்கள். அவர்களின் உழைப்புக்கு முன் தலைவணங்குகிறேன்; ஆனாலும் அந்த முதல் விபத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அடிவயிறு கலங்குகிறது. 2022 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டல்லஸ் காட்சியில் பி-17 குண்டுவீச்சு விமானமும் கிங்கோப்ரா சண்டை விமானமும் வானில் மோதி ஆறு பேர் மாண்டதை இங்குள்ள பலரும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். 2024 மே 25 அன்று நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே நினைவுப் பறத்தல் அணியின் ஸ்பிட்ஃபயர் கோனிங்ஸ்பி அருகே வீழ்ந்து அதன் விமானி உயிரிழந்தார். சாதுவாகப் பறந்தாலும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடுவதில்லை.

நம் ஊர்க் கோயிலில் மூலவர் கருவறையை விட்டு வெளியே வருவதில்லை. வீதி உலா வருபவர் உற்சவர். என் மனத்தில் விமானங்களுக்கும் இந்த முறைதான் சரி. ஸ்பிட்ஃபயர் பல பத்து எண்ணிக்கையில் பறக்கிறது, பல அருங்காட்சியகங்களிலும் நிற்கிறது. அது உலா வரட்டும். டிஃபையன்ட் என்ற சண்டை விமானத்தின் நிலை வேறு. விமானிக்குப் பின்னால் சுழலும் துப்பாக்கிக் கூண்டைக் கொண்ட அவ்விமானங்களை ஓட்டிய 264ஆம் படைப்பிரிவுக்கு, போர் நிதி திரட்டித் தந்த காரணத்தால் "மெட்ராஸ் பிரெசிடென்சி" என்றே பெயர் இருந்தது. நம் மாகாணத்துப் பெயரைத் தாங்கிய அந்தப் படைப்பிரிவின் விமான வகையில் முழுமையாக எஞ்சியிருப்பது உலகிலேயே ஒன்றுதான். அது பிரிட்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதைப் பறக்கவிட வேண்டும் என்று நாளை யாரேனும் கோடிக்கணக்கில் பணம் கொண்டு வந்தாலும் நான் எதிர்ப்பேன். அதன் பாகங்களில் பெரும்பாலானவை போர்க்காலத்தவை. பறக்கவிட வேண்டுமானால் அவற்றில் பாதியை மாற்றியாக வேண்டும். அதன்பின் எஞ்சுவது பழைய எண்ணைத் தாங்கிய புதிய விமானமாகத்தான் இருக்கும்.


மெர்லின்27 எழுதியது:

மூலவர், உற்சவர் என்ற பாகுபாட்டை மறுக்க எனக்கு வழியில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஒரு விமானத்தைப் பறக்க வைக்கத் தெரிந்த கைகள் வேலையின்றி ஓய்ந்துவிட்டால், கருவறையில் இருக்கும் விமானத்தைப் பேணவும் ஆள் கிடைக்காது. மஸ்கிட்டோவுக்கே அது நடந்தது. பார்ட்டன் விபத்துக்குப்பின் பதினாறு ஆண்டுகள் உலகில் ஒரு மஸ்கிட்டோவும் பறக்கவில்லை. நியூசிலாந்தில் ஒருவர் மரத்தால் உடற்பகுதியை வார்க்கும் அச்சுகளைத் தன் முயற்சியில் மறுபடி உருவாக்கியதால்தான் 2012 இல் ஒன்று மீண்டும் எழுந்தது. அந்த அச்சு செய்யும் அறிவு நூலில் இருந்து மட்டும் வரவில்லை. ஒட்டுப்பலகையை வளைத்து வளைத்துப் பார்த்த கையிலிருந்து வந்தது.

எல்லா முயற்சியும் அப்படி நீடிப்பதில்லை என்பதும் உண்மை. பொதுமக்களின் நன்கொடையால் 2007 அக்டோபரில் மீண்டும் பறந்த வல்கன் எக்ஸ்ஹெச்558 என்ற ஜெட் குண்டுவீச்சு விமானம், 2012 மே மாதத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளைக் காற்றுக் குழாய்க்குள் இழுத்துக்கொண்டு ஒரே நாளில் இரண்டு எஞ்சின்களை இழந்தது. அதைச் சமாளித்து இன்னும் மூன்று ஆண்டுகள் பறந்தார்கள். பின்னர், அதன் பராமரிப்புக்குப் பொறுப்பேற்றிருந்த நிறுவனங்களிடம் அதற்கான தொழில்நுட்ப அறிவு இனி இராது என்ற நிலையில், 2015 அக்டோபர் 28 அன்று கடைசியாகப் பறக்கவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தினார்கள் என்பதற்காகவே அவர்கள்மீது எனக்கு மதிப்பு அதிகம்.

தாமிரபரணி அவர்களுக்கு: அப்பாவைப் பெரிய காட்சிக்கு மறுபடி அழைத்துச் செல்லாதீர்கள். பெட்ஃபோர்ட்ஷயரில் ஓல்ட் வார்டன் என்ற சிற்றூரில் ஷட்டில்வொர்த் தொகுப்பு இருக்கிறது. அங்கே புல்வெளியே ஓடுபாதை. மாலைக் காட்சியாகப் பார்த்துச் சீட்டு வாங்குங்கள். முதல் உலகப்போர்க் கால விமானங்கள் பறக்கும். காற்று முழுவதும் அடங்கினால் நாள் முடியும் நேரத்தில் 1909-ஆம் ஆண்டின் பிளேரியோவைக்கூட வெளியே எடுப்பார்கள். அது தரையிலிருந்து சில அடி உயரத்தில் ஒரு துள்ளு துள்ளிவிட்டு இறங்கிவிடும். பார்வையாளர் வேலிக்கும் விமானத்துக்கும் இடையே அதிக தூரம் இராது. வேலியோரமாக, காற்று உங்களை நோக்கி வீசும் பக்கத்தில் நில்லுங்கள். காரணத்தை இப்போது சொல்ல மாட்டேன்.


தாமிரபரணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எட்டு மாதம் கழித்து இந்த இழையில் எழுதுகிறேன். பதில் எழுதிய ஒவ்வொருவரும் இதைப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் பதில்களை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்திருந்தேன். விமானத்தில் வரும் வழியெல்லாம் படித்திருக்கிறார். ஸ்பார் மாற்றிய செய்தியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார். ஸ்பிட்ஃபயரை விற்று ஹரிக்கேனைத் திருத்திய கதையை என் மகளுக்கு இரண்டு முறை சொன்னார்.

ஓல்ட் வார்டனுக்குச் சென்ற மாலையில் ஏழு மணிக்குமேல் காற்று தணிந்தது. சொப்வித் பப் என்ற சிறிய இருதட்டு விமானத்தை நான்கு பேர் கையால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதன் எஞ்சினில் சிலிண்டர்களே காற்றாடியோடு சேர்ந்து சுழலும் என்று அப்பா ஏற்கெனவே படித்து வைத்திருந்தார். ஆனாலும் கண்ணால் கண்டபோது வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். விமானி வேகத்தைக் குறைக்க எரிபற்றலைத் துண்டித்துத் துண்டித்து விட, அந்த ஒலி விட்டு விட்டு வந்தது. மகள் அதை எண்ணிக்கொண்டிருந்தாள்.

விமானம் எங்களைக் கடந்து போன சற்று நேரத்தில் நீலப் புகை புல்வெளியின் மேலாகத் தவழ்ந்து எங்களிடம் வந்தது. அப்பா தலையை நிமிர்த்தி மூச்சை இழுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏளா, இது ஆமணக்கெண்ணெய்" என்றார்.

அருகில் நின்றிருந்த வயதான ஆங்கிலேயரிடம் நான் கேட்டேன். ஆம், இவ்வகை எஞ்சின்களுக்குப் பெட்ரோலில் எளிதில் கரையாத எண்ணெய் வேண்டும் என்பதால் அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றுகிறார்கள். உள்ளே போனது திரும்பி வருவதில்லை, எரிந்தும் எரியாமலும் புகையோடு வெளியே சிதறிவிடுகிறது என்று விளக்கினார். அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய அம்மா வீட்டுக் கொல்லையில் ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து எண்ணெயை அகப்பையால் வழித்தெடுப்பாராம். வண்டி அச்சுக்கும் அதுதான், விளக்குக்கும் அதுதான், வெள்ளிக்கிழமை பிள்ளைகளின் வயிற்றுக்கும் அதுதான் என்றார்.

பிளேரியோவையும் அன்று வெளியே எடுத்தார்கள். ஓர் ஆள் உயரத்துக்கு எழுந்து, புல்வெளியின் மறுகோடியில் இறங்கியது. அது ஏன் மேலே போகவில்லை என்று அப்பா கேட்கவில்லை. இறங்கியதும் கை தட்டினார்.

மெர்லின்27 அவர்களுக்கு அவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்: அந்தச் சுழலும் எஞ்சினுக்கு இன்று பிஸ்டன் வளையங்கள் எங்கே வார்க்கிறார்கள்?